உங்கட பங்கருக்குள்ளயும் தண்ணி நிண்டதோ?

சனிக்கிழமை, நடுச்சாமம் தாண்டி ஒரு மணி. இங்கிலாந்தில் அப்போதுதான் இரவு எட்டரை. எங்களோடு சேர்ந்து பறக்கிற வெள்ளைக்காரப் பெரியவர்கள் சாப்பிட்டு முடித்துக் கணினிக்கு முன்னால் வந்து குந்துகிற நேரம். எங்கட பக்கத்தில் நாலு பேர்: யாழ்ப்பாணத்தில் ரெண்டு பேர், மட்டக்களப்பில் ஒருத்தி, கொழும்பில் ஒருத்தன். அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒருத்தனின் ஹெட்செட் வயர் அறுந்துபோனதால், ஸ்பீக்கரைப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு ஜெர்மன் ஸ்டூக்கா செங்குத்தாகக் கீழே பாய்ந்தது. அந்த விமானத்தின் காலில் ஒரு சைரன் பூட்டியிருப்பார்கள். வேறு ஒரு வேலையும் அதற்கு இல்லை, கீழே நிற்கிற சனத்தைப் பயப்படுத்துவதுதான் அதன் வேலை. அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

அவனின் அம்மா எழும்பி வந்து கதவடியில் நின்றா. ஏசவில்லை. "அதை நிப்பாட்டு" எண்டு மட்டும் சொன்னா. பிறகு குசினிக்குள் போய் லைற்றைப் போட்டுக்கொண்டு இருந்தா. விடியும்வரைக்கும் படுக்கேல்லை.

அடுத்தநாள் அவன் எங்களுக்கு இதைச் சொன்னபோது ஒருத்தருக்கும் பம்பல் வரவில்லை. ரெண்டு கிழமை நாங்கள் பறக்கவில்லை. அந்த ரெண்டு கிழமையும் எங்களுக்குள் கதைத்ததுதான் இந்தக் கட்டுரை. எங்கட கேள்வி இதுதான்: விமானச் சத்தத்துக்குப் பயந்து பங்கருக்குள் ஓடின ஆக்களின் பிள்ளைகள் நாங்கள். விமானி இருக்கையில் இருந்து விளையாடுகிற ஒரு விளையாட்டை நாங்கள் விரும்பலாமோ? அதை விரும்புகிறவர்களோடு கூட்டாளியாக இருக்கலாமோ?

இருக்கலாம் எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம். ஆனால் ஒரு விசயத்தை ஒளிக்காமல் இருந்தால் மட்டும்.

இது என்ன விளையாட்டு எண்டு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேணும். பழைய போர் விமான சிமுலேட்டர்கள் எண்டால் 1990களிலும் அதை ஒட்டியும் வந்தவை. முதலாம் உலகப்போரைப் பற்றிய 'ரெட் பேரன்' 1990இல் வந்தது. கொரியத் தீபகற்பத்துக்கு மேலே எஃப்-16 ஓட்டுகிற 'ஃபால்கன் 4.0' 1998இல் வந்தது. நாங்கள் பறக்கிறது 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்'. மொஸ்கோவில் ஒலெக் மடொக்ஸ் எண்டவரின் குழு செய்து 2001இல் வெளியிட்டது. 2006இல் வந்த '1946' எண்ட தொகுப்போடு அது முழுமையானது. எங்களில் சிலர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. ஆனால் எங்கட பழைய மடிக்கணினிகளில் சிக்கலில்லாமல் ஓடக்கூடியது அதுதான். நாங்கள் அதற்குள் போனது தத்துவம் ஒன்றும் யோசித்து இல்லை, கணினி இழுக்காத காரணத்தால்தான்.

இது சுடுகிற விளையாட்டு எண்டு நினைத்து வருகிறவர்கள் ஒரு மணித்தியாலத்தில் ஓடிவிடுவார்கள். முதலில் ஓடுபாதையில் நேராக ஓடப் பழகவேணும். எஞ்சின் இழுக்கிற இழுவையில் விமானம் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். மேலே போனபிறகு எஞ்சின் சூடேறும். ரேடியேட்டரைத் திறந்தால் சூடு குறையும், வேகமும் குறையும். மூடினால் வேகம் வரும், கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் மாறத் தொடங்கும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் வெறும் வானத்தில் பறக்கவேணும். பிறகு எங்கேயோ ஒரு புள்ளி தெரியும். ரெண்டு நிமிடம் சண்டை. அனேகமாக நீங்கள்தான் விழுவீர்கள்.

அப்ப மிச்ச முக்கால் மணித்தியாலமும் என்ன செய்யிறது? கதைக்கிறது.

இந்த விளையாட்டைச் சுற்றி இவ்வளவு சினேகிதம் ஏன் வருகிறது எண்டதற்கு எங்களுக்குத் தெரிந்த பதில் இதுதான். நாங்கள் பப்ஜியும் விளையாடினவர்கள்தான். அதில் கதைக்க நேரமில்லை, ஏசுறதுக்கு மட்டும் நேரமிருக்கும். இங்கே பத்தாயிரம் அடிக்கு ஏறி முடிக்குமுன்னமே ஒருவருடைய முழங்கால் வருத்தம், இன்னொருவருடைய பேத்தியின் சோதனை முடிவு, மட்டக்களப்பில் மழையா வெயிலா எண்டது எல்லாம் தெரிந்துவிடும். ஒரு நீண்ட பஸ் பயணத்தில் பக்கத்து சீற்றில் இருக்கிற ஆளோடு கதைக்கிற மாதிரி. வெளியில் பார்க்க ஒன்றுமில்லாதபோதுதான் மனிசர் ஆளையாள் விசாரிப்பினம்.

ரெண்டாவது காரணம், இதில் தனியனாக ஒருவரும் தப்ப முடியாது. விமானத்தின் முதுகுப் பக்கம் உங்களுக்குத் தெரியாது. விமானிகள் திசையை மணிக்கூட்டு முள்ளால் சொல்லுவார்கள். நேர் முன்னால் பன்னிரண்டு மணி, நேர் பின்னால் ஆறு மணி. உங்கட ஆறு மணியை இன்னொருத்தர் பார்த்துச் சொன்னால்தான் உயிர் தப்பும். இதற்கென்றே ஒரு உத்தி இருக்கிறது. ஜோன் தாச் எண்ட அமெரிக்கக் கடற்படை விமானி 1941இல் வீட்டு மேசையில் தீக்குச்சிகளை அடுக்கி வைத்து யோசித்துக் கண்டுபிடித்தது. ஜப்பானின் சீரோ விமானம் அமெரிக்காவின் வைல்ட்கற்றை விடக் குறுகலாகத் திரும்பும், வேகமாக ஏறும். ஒற்றைக்கொற்றை நின்றால் வைல்ட்கற் தோற்கும். ஆகவே ரெண்டு வைல்ட்கற் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பக்கத்தில் பக்கத்தில் பறக்கவேணும். ஒன்றின் வாலில் எதிரி ஒட்டினால், ரெண்டும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பவேணும். துரத்தி வருகிறவன் மற்ற விமானத்தின் துப்பாக்கிக்கு முன்னால் தானாக வந்து மாட்டுவான். 1942 யூன் மாதம் மிட்வே சண்டையில் தாச் இதைச் செய்து பார்த்தார், சரிவந்தது.

இதை எங்களுக்குச் சொல்லித்தந்தவர் எழுபது வயது தாண்டின ஒரு ஆங்கிலேயர். எங்களுக்குள் நாங்கள் அவரை 'ஐயா' எண்டுதான் சொல்லுவோம். தரையிறங்கப் பழக்கவே மூன்று சனிக்கிழமை செலவழித்தார். நாங்கள் ஓடுபாதைக்கு அங்கால் போய் வயலுக்குள் குத்தி எரியிற ஒவ்வொரு முறையும், மேலே வட்டமடித்துக்கொண்டு ஆறுதலாக "இன்னொருக்கா" எண்டு மட்டும் சொல்லுவார். எங்கட பள்ளிக்கூடக் காலத்தில் இப்படி ஒரு வாத்தியார் கிடைத்திருந்தால் கணக்குப் பாடம் எங்களுக்கு இவ்வளவு வெறுத்திருக்காது.

எங்கட மட்டக்களப்புக்காரிக்கு அவர் ஒருநாள் பியற்றிஸ் ஷில்லிங்கின் கதையைச் சொன்னார். போரின் தொடக்கத்தில் ஹரிக்கேன், ஸ்பிற்ஃபயர் விமானங்களின் எஞ்சினில் ஒரு குறை இருந்தது. மூக்கைத் திடீரென்று கீழே குத்தினால் கார்புரேற்றரில் எரிபொருள் ஓட்டம் குழம்பி எஞ்சின் இடறும். ஜெர்மன் மெசர்ஸ்மிட்டுகள் எரிபொருளை நேரடியாக எஞ்சினுக்குள் பாய்ச்சியதால் அவைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. குனிந்து பாய்ந்தால் தப்பிவிடலாம். 1941இல் ஷில்லிங் எண்ட பெண் பொறியியலாளர் நடுவில் துளையுள்ள ஒரு சின்ன உலோகத் துண்டைச் செய்தார். எரிபொருள் அளவுக்கு மிஞ்சிப் பாயாமல் அது தடுத்தது. புதுவகைக் கார்புரேற்றர் வரும்வரைக்கும் அந்தச் சின்னத் துண்டு விமானிகளைக் காப்பாற்றியது. அவர் மோட்டார்சைக்கிள் பந்தயமும் ஓடினவர். அதைக் கேட்டபிறகு எங்கட ஆள் ரெண்டு நாள் வேறு கதை கதைக்கவில்லை.

2022இல் கரண்ட் கட் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் போன நாட்களும் நினைவிருக்கும். பறந்துகொண்டிருக்கும்போதே எங்கட விமானங்கள் ஒன்றொன்றாக வானத்தில் இருந்து காணாமல் போகும். கரண்ட் வந்து திரும்பிப் போய்ப் பார்த்தால், அவர்கள் இலக்குக்குப் போகாமல் அந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரேயொரு தமிழ் வசனம் இப்பவும் "கரண்ட் போச்சு" எண்டதுதான்.

இந்தப் பழைய விளையாட்டுகள் இன்னும் உயிரோடு இருப்பதும் இப்படியான ஆக்களால்தான். ஃபால்கன் 4.0ஐச் செய்த குழு அது வெளிவந்து ஒரு வருடத்திலேயே கலைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு அதன் மூல நிரல் வெளியில் கசிந்தது. அதை வைத்துத் தன்னார்வலர்கள் திருத்தத் தொடங்கினார்கள். 'ஃபால்கன் பிஎம்எஸ்' எண்ட பெயரில் இன்றைக்கும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள், காசு வாங்குவதில்லை. ஐஎல்-2இலும் அப்படித்தான். மடொக்ஸின் குழு வேறு வேலைக்குப் போனபிறகு 'டீம் டைடலொஸ்' எண்ட தன்னார்வக் குழு வருடக்கணக்காகப் புதிய திருத்தங்களை வெளியிட்டது. ஒரு பழைய விமானத்தின் கண்ணாடிச் சட்டம் எத்தனை அங்குலம் எண்டு ஒரு மாதம் வாதாடுகிற மனிசர் இவர்கள். நாங்கள் சிரிப்போம். ஆனால் ஒரு ஊர் வாசிகசாலையைக் காசு வாங்காமல் திறந்து பூட்டுகிற ஆளையும் நாங்கள் இப்படித்தானே சிரித்துக்கொண்டே மதிக்கிறோம்.

சரி, இவ்வளவு நல்ல கூட்டம். பிறகு என்ன பிரச்சினை?

பிரச்சினை, அங்கே கதைக்கப்படாத ஒன்று. எங்கட கூட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: அரசியல் கதைக்கக்கூடாது. அதன் நியாயம் எங்களுக்கு விளங்குது. ஆங்கிலேயர், ஜெர்மன்காரர், போலந்துக்காரர், ரஷ்யர் எண்டு ஒருத்தர் மற்றவரின் தாத்தாவைச் சுட்டிருக்கக்கூடிய ஆக்கள் ஒரே குழுவில் பறக்கிறார்கள். அந்த விதி இல்லாவிட்டால் முதல் கிழமையே உடைந்திருக்கும். ஜெர்மன் விமானங்களின் வாலில் அந்தக் காலத்தில் இருந்த சுவஸ்திகா ஐஎல்-2இல் இல்லை. அதுவும் ஒரு விதத்தில் இதே மரியாதைதான்.

ஆனால் அந்த மரியாதைக்குள் இன்னொன்றும் மறைந்துபோகிறது. குண்டு எத்தனை கிலோ எண்டு மணிக்கணக்காகக் கதைப்போம். அது எங்கே விழுந்தது எண்டு கதைக்க மாட்டோம். விளையாட்டில் ஊர்கள் இருக்கு, வீடுகள் இருக்கு, வீட்டுக்காரர் இல்லை. ஸ்டர்மோவிக் எண்ட விமானமே தரையில் இருப்பதைத் தாக்குவதற்காகச் செய்யப்பட்டது. 36,000க்கு மேல் செய்தார்கள், உலகத்தில் மிக அதிகமாகச் செய்யப்பட்ட போர் விமானம் அது. இந்த எண்ணிக்கை எங்கட கூட்டத்தில் எல்லாருக்கும் பாடம். ஆனால் அது தாழப் பறந்து வரும்போது கீழே நின்றவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்களுக்குத்தான் அது முதலில் தோன்றியிருக்கவேணும்.

எங்கட ஊரில் விமானங்களின் பெயர் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் புத்தகம் பார்த்துப் படிக்கவில்லை. சத்தத்தை வைத்துச் சொல்லுவார்கள்: இது ஹெலி, இது சகடை, இது புக்காரா, இது கிபிர். அம்மாவின் ஊர் நவாலிக்குப் பக்கம். 1995 யூலை 9 அன்று நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்தபோது அவவுக்குப் பதினாறு வயது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். எங்கட கூட்டத்துப் பெரியவர்கள் பொழுதுபோக்காகப் படித்த அதே அறிவு, அவவுக்குக் காதுக்குள் இருக்கிறது.

ரெண்டு கிழமை கழித்து நாங்கள் திரும்பிப் போனபோது, ஐயா ஏன் வரவில்லை எண்டு கேட்டார். கரண்ட் எண்டு பொய் சொல்லியிருக்கலாம். எங்கட ஆள் உள்ளதைச் சொன்னான். "நீங்கள் எல்லாரும் விமானக் கண்காட்சிக்குப் போய்ச் சண்டை விமானம் பார்த்தனீங்கள். என்ர அம்மா கீழ இருந்து பார்த்தவ" எண்டான். கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. விதியை மீறிவிட்டோம், இத்தோடு முடிந்தது எண்டு நினைத்தோம்.

பிறகு ஐயா கதைத்தார். அவருடைய அம்மா ஹல் எண்ட துறைமுக நகரத்துக்காரி. 1941இல் அந்த நகரத்தை ஜெர்மன் விமானங்கள் அடித்து நொறுக்கின. அவ அப்போது சின்னப் பிள்ளை. வீட்டு வளவுக்குள் நெளிதகடு வளைத்துப் பாதி மண்ணுக்குள் தாட்டு, மேலே மண் போட்டு மூடின ஒரு பதுங்கிடத்தில் குடும்பமாக இருந்தார்களாம். அண்டர்சன் பதுங்கிடம் எண்டு அதற்குப் பெயர். அரசாங்கம் லட்சக்கணக்கில் கொடுத்தது. இவ்வளவு வருடமும் எங்களோடு பறக்கிறார், இதை ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் எண்டு கேட்டோம். "ஒருத்தரும் கேட்கேல்லை" எண்டார்.

அடுத்த சனிக்கிழமை எங்கட ஆள் அதை அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவ வேலையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டா. பனங்குத்தி அடுக்கி மண்மூட்டை வைத்த தங்கட பங்கரை நினைத்திருப்பா. கடைசியில் கேட்டா: "மழைக்கு அவையின்ர பங்கருக்குள்ளயும் தண்ணி நிண்டதோ எண்டு கேள்."

கேட்டோம். நின்றதாம். கணுக்கால் அளவுக்கு. அவருடைய பாட்டி வாளியால் அள்ளி ஊற்றிவிட்டுத்தான் பிள்ளைகளை உள்ளே விடுவாவாம். அம்மா தலையாட்டினா. "பாம்பு?" எண்டு கேட்டா. பாம்பு இல்லை எண்டார் ஐயா. "அப்ப பரவாயில்லை" எண்டா அம்மா. அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது ஏழு நாட்டுக்காரரும் சிரித்தார்கள். எங்கட கூட்டத்தில் நாங்கள் கேட்ட சிரிப்புகளிலேயே அதுதான் நல்ல சிரிப்பு.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வேலை செய்தோம். ஐஎல்-2இல் சொந்தமாகப் பறப்புத் திட்டம் உருவாக்கும் வசதி இருக்கிறது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து வந்த விமானங்கள் காலையில் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையில் இருந்தும் குதிரைப் பந்தயத் திடலில் இருந்தும் ஹரிக்கேன்கள் எழும்பின. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாள் 'ஹெர்மிஸ்' எண்ட பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் தாண்டது. இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது. எங்கட மட்டக்களப்புக்காரிக்கு அதைச் சொல்லுறதில் ஒரு பெருமை. சீரோவும் ஹரிக்கேனும் விளையாட்டில் ஏற்கனவே இருக்கின்றன. எங்களிடம் இலங்கை வரைபடம் இருக்கவில்லை, வேறொரு கடற்கரையைக் கொழும்பு எண்டு வைத்துக்கொண்டோம்.

பறக்குமுன் வாசிக்கிற குறிப்பில் வழக்கமாக விமான எண்ணிக்கை, உயரம், காலநிலை இருக்கும். நாங்கள் ஒரு பந்தி சேர்த்தோம்: அன்றைக்கு அங்கொடை மனநல மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது, நோயாளிகள் செத்தார்கள். வாசித்து முடித்தபிறகு ஒரு நிமிடம் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எஞ்சினைக் கிளப்பினோம். சண்டை வழக்கம்போல நல்லாத்தான் இருந்தது. எங்களில் மூன்று பேர் கடலுக்குள் விழுந்தோம்.

ரெண்டு பக்கத்திலும் இருந்து எங்களுக்குக் கேள்வி வரும் எண்டு தெரியும். "விளையாட்டை விளையாட்டா விடுங்கோவன்" எண்டு ஒரு பக்கம். நாங்கள் விளையாட்டை நிறுத்தச் சொல்லவில்லையே. கார்புரேற்றர் துளையின் அளவு தெரியவேணும் எண்டால், குண்டு விழுந்த இடத்தின் பெயரும் தெரிந்திருக்கவேணும். உண்மையாக இருக்கவேணும் எண்டுதானே இந்த விளையாட்டை விரும்புகிறோம். பாதி உண்மையோடு நின்றால் எப்படி?

"குண்டு வாங்கின சனத்தின் பிள்ளைகள் இதை விளையாடுறது வெட்கக்கேடு" எண்டு மற்றப் பக்கம். இதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் நாங்கள் அங்கே போகாமல் விட்டிருந்தால், ஹல் நகரத்து வாளிக் கதை எங்களுக்குத் தெரிந்திருக்காது. நவாலி எண்ட பெயரும் அந்த ஏழு நாட்டுக்காரருக்குத் தெரிந்திருக்காது. வானத்தைப் பற்றிய கதை முழுவதையும் மேலே இருந்தவர்களின் கையில் விட்டுவிட்டு நாங்கள் ஒதுங்கினால், அதில் எங்கட பக்கம் இல்லாமலே போகும். கீழே இருந்த ஆக்களின் பிள்ளைகளும் அந்தக் குழுவில் இருக்கவேணும், ஒருத்தர் மற்றவரின் ஆறு மணியைப் பார்க்கவேணும், நேரம் வரும்போது சொல்லவும் வேணும். கூட்டாளித்தனம் எண்டால் சங்கடமான கதை வந்தாலும் எழும்பிப் போகாமல் இருக்கிறது எண்டுதான் நாங்கள் இப்ப விளங்கி வைத்திருக்கிறோம். அந்தப் பெரியவர்கள் எழும்பிப் போகவில்லை.

இப்போது எங்களிடமும் ஒரு விதி இருக்கிறது. வீட்டில் ஹெட்செட் இல்லாமல் ஒருத்தரும் பறக்கக்கூடாது. வயர் அறுந்தால் அன்றைக்குப் பறப்பு இல்லை. ஐயாவுக்கும் இது தெரியும், அவரே முதலில் "ஹெட்செட் சரியா?" எண்டு கேட்பார்.

அம்மா இன்னும் திரையைப் பார்க்கிறதில்லை. பார்க்கச் சொல்லி நாங்கள் கேட்கவும் மாட்டோம். படுக்கப் போகும்போது கதவடியில் நின்று, "உங்கட ஹல் ஆள் வந்திட்டாரோ?" எண்டு கேட்டுவிட்டுப் போவா.